ரிஸ்க்-ஃபைவ் நுண்செயலிக்குக் கம்பைலர் எழுதும் கட்டளைகளைச் செம்மைப்படுத்துவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிப்பவர்கள், கம்பைலர் பாடத்தின் பெரும்பகுதியைச் சொற்பகுப்பிலும் இலக்கணப் பகுப்பிலும் செலவிட்டுவிட்டு, இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும் பகுதியைப் பருவத்தேர்வு நெருங்கும் வாரங்களில் அவசர அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். செய்வதற்கு வேலை மிச்சமிருப்பதோ அந்தக் கடைசிப் பகுதியில்தான். சி மொழி தெரிந்து, அசெம்பிளியைக் கண்டு மிரளாத அளவுக்குப் பழக்கம் உள்ள ஒருவர், எல்எல்விஎம் என்னும் திறமூலக் கம்பைலர் அமைப்பில் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்புக்கான தம் முதல் மேம்பாட்டைச் செய்து அனுப்பும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ரிஸ்க்-ஃபைவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2010இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய இக்கட்டமைப்பின் விவரக்குறிப்பை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம், பயன்படுத்தலாம். சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகிய நுண்செயலிகள் இதன்மீதே அமைந்தவை. எல்எல்விஎம் இதைச் சோதனை நிலையிலிருந்து முழுமையான இலக்காக உயர்த்தியது 2019இல் வெளியான 9ஆம் பதிப்பில்தான். எக்ஸ்86, ஆர்ம் ஆகியவற்றுக்கு நீண்ட காலமாகப் பலர் சேர்ந்து செய்த மெருகேற்றல் இதற்கு இன்னும் அந்த அளவுக்கு நடக்கவில்லை என்பதால், புதியவர் கண்ணுக்கும் தட்டுப்படக்கூடிய சிறு குறைகள் இதில் மிச்சமிருக்கின்றன. ஜிசிசி என்னும் இன்னொரு திறமூலக் கம்பைலரிலும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு நிலையின் வெளியீட்டையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கும் வசதி எல்எல்விஎம்மில் எளிதாக இருப்பதால், கற்கத் தொடங்குபவருக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புதிய விதி ஒன்றை எழுதுவது இந்த வேலையில் சிறு பங்குதான். பல நேரங்களில் அது மூன்று நான்கு வரிகளில் முடிந்துவிடும். மூல நிரலில் இருந்த ஒரு தகவல், கம்பைலரின் எந்த நிலையில் தொலைந்து போனதால் வீண் கட்டளை ஒன்று வெளியே வந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பங்கு. கீழே வருபவை எல்லாம் அந்தத் தேடலுக்கான படிகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளை அமைத்தல்

எதையும் நிறுவுவதற்கு முன் கம்பைலர் எக்ஸ்புளோரர் என்னும் இணையதளத்தில் சில நாட்கள் விளையாடிப் பார்ப்பது நல்லது. இடப்பக்கம் சி நிரலை எழுதினால் வலப்பக்கம் அசெம்பிளி தோன்றும். ஒரே நிரலுக்கு, எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங், ஜிசிசி இரண்டும் தரும் விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் வேறுபடும் இடமே விசாரணைக்குரிய இடம்.

அடுத்தது எல்எல்விஎம்மை உங்கள் கணினியிலேயே கட்டுவது. மாணவர்களிடம் பெரும்பாலும் இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினி என்பதால், இங்கே சில கட்டுப்பாடுகள் அவசியம். டீபக் வகையில் கட்டாமல் ரிலீஸ் வகையில் கட்டுங்கள். ஆனால் அசர்ஷன்கள் என்னும் உட்சோதனைகளை இயக்கத்தில் வையுங்கள், ஏனெனில் இடைநிலைகளை அச்சிட்டுக் காட்டும் வசதி அவை இல்லாத ரிலீஸ் கட்டுமானத்தில் கிடைக்காது. இலக்குகளில் ரிஸ்க்-ஃபைவை மட்டும் தேர்ந்தெடுங்கள். இணைப்பானாக எல்எல்டியைப் பயன்படுத்தி, ஒரு நேரத்தில் ஓர் இணைப்பு வேலைதான் நடக்க வேண்டும் என்று, கட்டுமானத்தை அமைக்கும் கருவியான சிமேக்கில் குறிப்பிடுங்கள். நினைவகம் நிரம்பிக் கணினி உறைந்து போவது பெரும்பாலும் பல இணைப்பு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போதுதான். முழுத் திட்டத்தையும் கட்டத் தேவையில்லை. கம்பைலரின் இடைநிலை மொழியைச் செம்மைப்படுத்தும் ஆப்ட், அதை அசெம்பிளியாக்கும் எல்எல்சி, சோதனை வெளியீட்டைச் சரிபார்க்கும் ஃபைல்செக் என்னும் மூன்று கருவிகள் முதல் மாதத்துக்குப் போதும். களஞ்சியத்தை இறக்கும்போது, பதிவிறக்கம் குறையட்டும் என்று வரலாற்றைத் துண்டித்துவிடாதீர்கள். ஒரு வரி ஏன் எழுதப்பட்டது என்று பழைய மாற்றங்களைப் புரட்டிப் பார்க்கும் தேவை தினமும் வரும்; பழைய கோப்புகளின் உள்ளடக்கத்தை மட்டும் தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளும் பகுதிநிலை நகல் முறையைக் கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கரையோரத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கட்டுமானத்தை ஓட்டும் நிஞ்சா கருவி விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு சிறு சார்பைப் பின்தொடர்தல்

புதிய குறையைத் தேடுவதற்கு முன், ஏற்கெனவே தீர்க்கப்பட்ட ஒன்றை அடியிலிருந்து நுனி வரை பின்தொடர்ந்து படிக்க வேண்டும். கடலூர்த் துறைமுகத்தில் இறங்கும் மீனின் எடையைப் படகு எண் வாரியாகப் பதிந்து வைக்கும் ஒரு நிரல் இருப்பதாகக் கொள்வோம். அதில் ஒரு சார்பு (ஃபங்ஷன்), 32 பிட் முழு எண்கள் அடங்கிய எடை அணியையும், குறியற்ற (அன்சைன்ட்) 32 பிட் எண்ணாகப் படகின் வரிசை எண்ணையும் பெற்றுக்கொண்டு, அந்த இடத்தில் உள்ள எடையைத் திருப்பித் தருகிறது. சி மொழியில் ஒரே வரி.

64 பிட் ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைக் கட்டளைகளை மட்டும் கொண்டு கிளாங் இதற்குத் தரும் விடையில், திரும்பும் கட்டளையை விட்டுவிட்டால், நான்கு கட்டளைகள் இருக்கும். வரிசை எண்ணை இடப்பக்கம் 32 பிட் நகர்த்து. அதை வலப்பக்கம் 30 பிட் நகர்த்து. அணியின் முகவரியோடு கூட்டு. அந்த முகவரியிலிருந்து எடையை ஏற்று. இதே சார்பை 64 பிட் ஆர்முக்குக் கட்டினால் ஏற்றும் கட்டளை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. இதைப் பார்த்தவுடன் ரிஸ்க்-ஃபைவ் கம்பைலர் மோசம் என்று முடிவுகட்டுவது சரியன்று. ரிஸ்க்-ஃபைவின் ஏற்றும் கட்டளைக்கு ஒரு பதிவகத்தையும் (ரெஜிஸ்டர்), −2048 முதல் 2047 வரையிலான 12 பிட் மாறிலியையும் கூட்டத்தான் தெரியும். இன்னொரு பதிவகத்தைப் பெருக்கிக் கூட்டும் திறன் அதற்கு இல்லை. இது கட்டமைப்பை வடிவமைத்தவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. கட்டமைப்பின் இயல்பையும் கம்பைலரின் குறையையும் பிரித்தறிய விவரக்குறிப்பைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு நகர்த்தல்கள் ஏன்? ரிஸ்க்-ஃபைவின் அழைப்பு மரபின்படி, 64 பிட் பதிவகத்தில் அனுப்பப்படும் 32 பிட் எண், அது குறியற்றதாக இருந்தாலும், 31ஆம் பிட்டின் மதிப்பு மேல் 32 இடங்களிலும் நிரப்பப்பட்ட நிலையில்தான் வந்து சேரும். குறியற்ற எண்ணை அணியின் சுட்டெண்ணாக (இன்டெக்ஸ்) பயன்படுத்த வேண்டுமானால் அந்த மேல்பாதியைப் பூஜ்யமாக்கியாக வேண்டும். 32 பிட் இடப்பக்கம் தள்ளுவது மேல்பாதியை வெளியேற்றுகிறது. 30 பிட் மட்டும் திரும்பக் கொண்டுவருவது, பூஜ்யமாக்கலோடு சேர்த்து நான்கால் பெருக்கலையும் முடித்துவிடுகிறது. உண்மையில் இது கெட்டிக்காரத்தனமான விடை. சுட்டெண்ணைக் குறியுள்ள எண்ணாக எழுதியிருந்தால் ஒரு நகர்த்தல் குறைந்திருக்கும் என்பதையும் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

அடிப்படைக் கட்டளைகளோடு விருப்பப்படி சேர்க்கக்கூடிய கூடுதல் கட்டளைத் தொகுதிகளுக்கு நீட்சிகள் என்று பெயர். இனி, 2021இல் உறுதிசெய்யப்பட்ட பிட் கையாளும் நீட்சிகளுள் ஒன்றான இசட்பிஏவை இயக்குங்கள். நான்கு கட்டளைகள் இரண்டாகிவிடும். மேல்பாதியைப் பூஜ்யமாக்கி, நான்கால் பெருக்கி, இன்னொரு பதிவகத்தோடு கூட்டும் மூன்று வேலைகளையும் எஸ்எச்2ஆட்.யுடபிள்யூ என்னும் ஒரே கட்டளை செய்கிறது. அடுத்தது ஏற்றும் கட்டளை. குறை என்று நினைத்துத் தேடத் தொடங்கும் பல இடங்களில், உரிய நீட்சியை இயக்காமல் கட்டியதே காரணமாக இருப்பதால், அதை முதலில் சரிபார்க்கும் பழக்கம் பல மாலைப்பொழுதுகளை மிச்சப்படுத்தும். ஆர்விஏ22 என்னும் தொகுப்பு வரையறை இசட்பிஏ, இசட்பிபி, இசட்பிஎஸ் மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

இப்போது அந்தக் கட்டளை எப்படித் தேர்வானது என்று பார்க்க வேண்டும். கிளாங்கிடம் எல்எல்விஎம்மின் இடைநிலை மொழியை மட்டும் எழுதித் தரச் சொன்னால், 32 பிட் எண்ணைப் பூஜ்யம் இட்டு 64 பிட்டாக நீட்டும் செயல், முகவரியைக் கணக்கிடும் செயல், ஏற்றும் செயல் ஆகியவை தெளிவாகத் தெரியும். அந்தக் கோப்பை எல்எல்சியிடம் கொடுத்து, கட்டளைத் தேர்வு நிலையை விரிவாக அச்சிடச் சொல்லுங்கள். முதலில் தோன்றும், செயல்களை முனைகளாகக் காட்டும் வரைபடத்தில் எல்லாம் எதிர்பார்த்தபடியே இருக்கும். வகைகளைச் சட்டபூர்வமாக்கும் அடுத்த நிலையில்தான் முக்கியமான மாற்றம் நடக்கிறது. 64 பிட் ரிஸ்க்-ஃபைவுக்கு 32 பிட் என்பது சொந்த வகை அன்று. ஆகவே "பூஜ்யம் இட்டு நீட்டு" என்ற செயல் மறைந்து, "கீழ் 32 பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்" என்ற முகமூடிச் செயலாக மாறிவிடுகிறது. வகையாக இருந்த தகவல் இப்போது ஒரு மாறிலிக்குள் ஒளிந்துகொண்டது. அதற்கு மேல், வரைபடத்தைச் சுருக்கும் பொதுவிதிகள் முகமூடியையும் நகர்த்தலையும் இடம் மாற்றிவிடக்கூடும். முகமூடி இட்டுப் பிறகு நகர்த்துவதும், நகர்த்திவிட்டு மேல் 30 பிட்டுகளையும் கீழ் 2 பிட்டுகளையும் பூஜ்யமாக்கும் முகமூடியை இடுவதும் கணக்கில் ஒன்றே. ஆனால் வடிவம் பார்த்துப் பொருத்தும் விதிக்கு அவை வெவ்வேறு. ஒரு வடிவத்துக்கு விதி இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் போனால், நிரலை எழுதியவர் ஒரு சிறு மாற்றம் செய்தவுடன் இரண்டு கட்டளைகள் மறுபடி நான்காகிவிடும். புதியவர்கள் கண்டுபிடிக்கும் குறைகளில் கணிசமானவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

ரிஸ்க்-ஃபைவ் இலக்குக்கான கோப்புறையில், டேபிள்ஜென் மொழியில் எழுதப்பட்ட கட்டளை விவரக் கோப்புகள் இருக்கின்றன. பிட் நீட்சிகளுக்கென ஒரு தனிக் கோப்பு உண்டு. அதைத் திறந்து, மேலே சொன்ன இரு வடிவங்களுக்கும் உரிய விதிகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். டேபிள்ஜென் முதலில் மந்திரம்போல் தோன்றும். உட்கார்ந்து இலக்கணம் படிப்பதைவிட, இருக்கும் விதி ஒன்றை அழித்துவிட்டு, கட்டி, வெளியீடு எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பது விரைவான வழி.

எந்த நிலையில் திருத்துவது

சொந்தமாக ஒரு குறையைக் கண்டுபிடித்த பிறகு, அதை எங்கே திருத்துவது என்ற கேள்வி எழும். தேவையான தகவல் கடைசியாக முழுமையாகக் கைவசம் இருக்கும் நிலையில் திருத்த வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மாற்றம் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் பொருந்தும் வெறும் கணித உண்மை என்றால், அது இடைநிலை மொழியைச் சுருக்கும் பகுதிக்கு உரியது; அங்கே செய்வதானால் அலைவ்2 என்னும் கருவியின் மூலம் அந்த மாற்றம் எல்லா உள்ளீடுகளுக்கும் சரி என்று நிறுவிக் காட்ட வேண்டியிருக்கும். ரிஸ்க்-ஃபைவின் தனித்தன்மையைச் சார்ந்தது என்றால் கட்டளைத் தேர்வு நிலைக்கு இறங்க வேண்டும்.

பொதுநிலையில் அழகாகத் தெரியும் மாற்றம் கீழே போய்ச் செலவாக முடிவதுண்டு. ஓர் எண்ணின் கீழ் 12 பிட்டுகளை மட்டும் எடுக்க, 4095 என்ற முகமூடியை இடுவதே பல கட்டமைப்புகளில் சிக்கனம். ரிஸ்க்-ஃபைவில் 4095 என்பது 12 பிட் குறியுள்ள மாறிலிக்குள் அடங்காது. 2047 வரைதான் அடங்கும். ஆகவே 52 பிட் இடமும் 52 பிட் வலமும் நகர்த்தும் இரட்டைக் கட்டளையே இங்கே சிக்கனம். இப்படிப்பட்ட இடங்களில் "எனக்கு இந்த மாற்றம் வேண்டாம்" என்று ஒரு கட்டமைப்பு மறுப்பதற்கான வாசல்கள் பொதுவிதிகளுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன. பல மேம்பாடுகள் அப்படி ஒரு மறுப்பைச் சரியான நிபந்தனையோடு எழுதுவதிலேயே முடிந்துவிடும்.

கட்டளைத் தேர்வு நிலைக்கு ஒரு பெரிய வரம்பும் உண்டு. அது கிளைகளற்ற ஒரு தொகுதியை மட்டுமே ஒரு நேரத்தில் பார்க்கிறது. லூப்புக்கு வெளியே கணக்கிட்ட எண்ணின் மேல்பாதி ஏற்கெனவே சரியாக நிரப்பப்பட்டிருக்கிறது என்பது, லூப்புக்குள் இருக்கும் தொகுதிக்குத் தெரியாமல் போகலாம். அதனால் 32 பிட் எண்ணை மறுபடி நீட்டும் எஸ்எக்ஸ்ட்.டபிள்யூ கட்டளை தேவையின்றி நுழைந்துவிடும். இதை வடிவ விதிகளால் தீர்க்க முடியாது என்பதால்தான், தேர்வு முடிந்த பின், முழுச் சார்பையும் பார்த்து, வீணான நீட்டல்களை நீக்கும் தனிக் கட்டம் ஒன்று ரிஸ்க்-ஃபைவ் இலக்கில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் குறை இத்தகையது என்றால் திருத்த வேண்டிய இடம் அந்தக் கட்டம்.

சோதனையை முதலில் எழுதுதல்

விதியைத் தொடுவதற்கு முன் சோதனைக் கோப்பை எழுதுங்கள். குறையைக் காட்டும் சிறு சார்புகளை இடைநிலை மொழியில் எழுதி, நீட்சி இருக்கும்போதும் இல்லாதபோதும் ஓடும்படி தலைப்பு வரிகளை அமைத்தால், எதிர்பார்க்கும் அசெம்பிளி வரிகளை எல்எல்விஎம்மின் பைத்தான் உரைநிரல் ஒன்று தானே நிரப்பிவிடும். தற்போதைய மோசமான வெளியீட்டோடு அதை ஒரு தனி மாற்றமாகப் பதிவுசெய்யுங்கள். அடுத்த மாற்றத்தில் விதியைச் சேர்த்து உரைநிரலை மீண்டும் ஓட்டினால், எந்த வரிகள் மறைந்தன என்பதைப் பரிசீலிப்பவர் ஒரே பார்வையில் காண முடியும்.

உங்கள் விதி பொருந்தக் கூடாத இடங்களுக்கும் சோதனை வேண்டும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் 31 பிட் முகமூடி, 4 பிட் நகர்த்தல், 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் ஆகியவை அத்தகையவை. இசட்பிஏவில் 1, 2, 3 பிட் நகர்த்திக் கூட்டும் கட்டளைகள்தான் உண்டு, யுடபிள்யூ வகைக் கட்டளைகள் 64 பிட்டில் மட்டுமே உண்டு.

இடைநிலை மதிப்புக்கு வேறு பயனும் இருந்தால் என்ன செய்வது என்பது நிதானமாக யோசிக்க வேண்டியது. ஒரே பயன் இருந்தால் மட்டுமே மாற்று என்று ஒரு நிபந்தனையைப் போட்டுவிடுவது வழக்கம். ஆனால் அதே சுட்டெண்ணைக் கொண்டு எடை அணி, விலை அணி இரண்டையும் படிக்கும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் முகவரிகளுக்கு இரண்டு நகர்த்தல்களும் இரண்டு கூட்டல்களும் ஆக நான்கு கட்டளைகள். புதிய முறையில் எஸ்எச்2ஆட்.யுடபிள்யூ இரண்டு முறை, அவ்வளவே. நிபந்தனை இங்கே நல்ல மாற்றத்தைத் தடுத்துவிடும். மாறாக, நகர்த்திய மதிப்பையே சார்பு திருப்பித் தருகிறது என்றால், நகர்த்தல்கள் எப்படியும் இருந்தாக வேண்டும்; கட்டளை எண்ணிக்கை குறையாது. அதோடு, சாதாரணக் கூட்டல், சில கட்டளைகளைப் பாதி நீளத்தில் எழுத உதவும் சுருக்க நீட்சியின் தயவில் 2 பைட்டில் அடங்கக்கூடும், எஸ்எச்2ஆட்.யுடபிள்யூ 4 பைட் எடுக்கும். மூல எண்ணும் கூடுதல் நேரம் ஒரு பதிவகத்தைப் பிடித்து வைத்திருக்கும். எண்ணிக்கை ஒன்றானாலும் விளைவு ஒன்றாகாது.

அளத்தல்

கட்டளை குறைந்தால் வேகம் கூடும் என்று பொதுவாகச் சொல்லலாமே தவிர, உறுதியாகச் சொல்ல முடியாது. இசட்ஐகாண்ட் நீட்சியைக் கொண்டு கிளைக் கட்டளைகளை நீக்கும் மாற்றங்கள் இதற்குச் சான்று. நிபந்தனை பொய்யானால் பூஜ்யம், இல்லையெனில் ஒரு மதிப்பு என்ற வடிவத்துக்கு ஒரு கட்டளை போதும். இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தேர்வதற்கு மூன்று வேண்டும். எப்போதும் ஒரே திசையில் செல்லும் கிளையை நுண்செயலி சரியாக ஊகித்துவிடும் என்பதால், அங்கே அந்த மூன்று கட்டளைகளும் நட்டமாகவே முடியலாம்.

கியூஎமு போன்ற போலிமை மென்பொருளில் நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கலாம், கட்டளைகளை எண்ணலாம். நேரத்தை அளக்கக் கூடாது. எல்எல்விஎம்-எம்சிஏ என்னும் கருவி, அட்டவணை மாதிரியை வைத்து ஒரு மதிப்பீடு தரும். அது மாதிரியின் தரத்தைப் பொறுத்தது. நேரத்துக்கு உண்மையான பலகை வேண்டும். விஷன்ஃபைவ் 2 பலகையில் உள்ள யு74 கருக்கள் இசட்பிஏ, இசட்பிபி இரண்டையும் ஆதரிப்பதால் தொடக்கத்துக்கு அது ஏற்றது. ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் வைத்துவிட்டு, கடலூரிலிருந்தும் காலாப்பட்டிலிருந்தும் தொலைவழியாக நுழைந்து முறைவைத்துப் பயன்படுத்தினால் ஒரு பலகை நாலைந்து பேருக்குத் தாங்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மூடிய அறைக்குள் வைத்த பலகை சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள நேர்ந்தால், காலையில் எடுத்த அளவையும் பிற்பகலில் எடுத்த அளவையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. விசிறி ஒன்றைப் பொருத்தி, கடிகார வேகத்தை நிலைநிறுத்தி, பழைய கம்பைலரின் வெளியீட்டையும் புதியதன் வெளியீட்டையும் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, நடு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

பலகை கிடைக்காவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்எல்விஎம் சோதனைத் தொகுப்பில் உள்ள நிரல்களை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அசெம்பிளியாகக் கட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோப்பும் மாறவில்லை என்றால், நீங்கள் சேர்த்த வடிவம் உண்மையான நிரல்களில் வருவதே இல்லையோ என்ற ஐயம் நியாயமானது. சில கோப்புகள் பெரிதாகியிருந்தால், ஏன் என்று நீங்களே முதலில் விடை தேடிவிடுங்கள்.

அனுப்புதல்

எல்எல்விஎம் 2023 முதல் கிட்ஹப்பில் இழுப்புக் கோரிக்கைகளாக (புல் ரிக்வெஸ்ட்) மாற்றங்களைப் பெறுகிறது. தலைப்பில் எந்த இலக்குக்கான மாற்றம் என்பதைக் குறிப்பிட்டு, என்ன வடிவம், ஏன் இப்போது நழுவுகிறது, மாற்றிய பின் என்ன ஆகிறது என்பதைச் சுருக்கமான ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஆங்கில நடைக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். "இதை ஏன் பொதுநிலையில் செய்யவில்லை?" என்ற கேள்வி ஏறக்குறைய நிச்சயமாக வரும், முந்தைய படிகளைச் செய்திருந்தால் அதற்கான விடை உங்களிடம் இருக்கும். பரிசீலிப்பவர் வேறு இடத்தைச் சுட்டிக்காட்டினால், அங்கே எழுதிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வாரக்கணக்கில் பதில் வராவிட்டால் பணிவாக ஒரு முறை நினைவூட்டுவது அங்கே வழக்கமானதே.

மாற்றம் சேர்ந்தவுடன், பல்வேறு கணினிகளில் தானியங்கியாக ஓடும் கட்டுமானச் சோதனைகள் தொடங்கும். அவற்றில் ஏதேனும் முறிந்தால் மாற்றத்தை உடனே திரும்பப் பெற்றுவிடுவார்கள். அது கண்டனம் அன்று, காரணத்தைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம். எல்லாம் சரியாக ஓடிவிட்டால், அதே சோதனைக் கோப்பைத் திறந்து, ஏற்றும் செயலுக்குப் பதில் சேமிக்கும் செயலையும், 4 பைட் உறுப்புகளுக்குப் பதில் 2 பைட், 8 பைட் உறுப்புகளையும் வைத்து எல்எல்சியை ஓட்டிப் பாருங்கள். ஒரு வடிவத்தில் விட்டுப்போனது அதன் அண்டை வடிவங்களிலும் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அடுத்த கோரிக்கைக்கான பொருள் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.